ஓட்டத்துக்குப் பதில் எலிப்டிகல்: தண்ணீர்மலைப் படிகளுக்கு அது போதுமா?

ஜெலுத்தோங்_ஓட்டக்காரன் (நவம்பர் முதல் வாரம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 46, எடை 74 கிலோ. பதினோரு வருடமாக ஓடுகிறேன். வாரத்தில் நான்கு நாள், பெரும்பாலும் யூத் பார்க்கில் தொடங்கி தாவரவியல் பூங்கா வரை அந்த மேட்டுச் சாலையில் போய்த் திரும்புவேன். ஞாயிறு என்றால் கர்னி டிரைவ் பக்கம் 15 கிலோமீட்டர்.

ஆகஸ்டிலிருந்து வலது முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி. சமதளத்தில் நடந்தால் தெரியாது. படி இறங்கும்போதும், காரில் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழும்போதும் குத்துகிறது. முதலில் போன கிளினிக்கில் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "வயசாயிடுச்சு, ஓடாதீங்க" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் குந்தச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், அழுத்திப் பார்த்தார். முட்டிச் சில்லு தொடை எலும்பின் மேல் நகரும் இடத்தில் எரிச்சல், ஜவ்வு கிழியவில்லை, ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலிப்டிகல் (நின்றபடியே இரண்டு பெடலை நீள்வட்டமாக மிதிக்கும் ஜிம் இயந்திரம்) செய்யுங்கள் என்றார்.

கொண்டோ ஜிம்மில் ஒரு எலிப்டிகல் இருக்கிறது. இத்தனை வருடமாக அதைக் கடந்துதான் டிரெட்மில்லுக்குப் போயிருக்கிறேன், ஏறியதே இல்லை. இப்போது என் கேள்வி ஓட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. இந்த வருடம் அம்மாவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக வீடு திரும்பினால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். திரும்பிவிட்டார். பினாங்குத் தண்ணீர்மலையில் முருகனின் மேல்கோயிலுக்கு 513 படி. எலிப்டிகலில் மட்டும் உடம்பைத் தயார் செய்தால் அது முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்_விடியல்

வணக்கம் அண்ணே. அம்மா நலமாக இருக்கிறார் என்பது முதலில் சந்தோஷம்.

எனக்கு மூன்று வருடத்துக்கு முன்பு கெண்டைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல் வந்தது. எலும்பு கூடியதும் மருத்துவர் எலிப்டிகலுக்கு அனுமதி கொடுத்தார். எட்டு வாரம் அதில்தான் இருந்தேன். திரும்ப தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடியபோது மூச்சு வாங்கவே இல்லை. கால்தான் பழக நாளானது. ஆக, நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் அது ஓட்டத்தின் வேலையைச் செய்யும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் எல்லாரும் ஒரு தப்பு செய்கிறார்கள், நானும் முதல் இரண்டு வாரம் அதைத்தான் செய்தேன். ரெசிஸ்டன்ஸை (பெடலின் கனத்தை) 2, 3இல் வைத்துக்கொண்டு மிதித்தால் சக்கரம் தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கால் அதன் மேல் சும்மா சவாரி செய்யும். நாற்பது நிமிடம் ஓடியும் இதயத் துடிப்பு 110ஐத் தாண்டவில்லை. அப்புறம்தான் 7, 8க்கு ஏற்றினேன். மிதிப்பதை நிறுத்தினால் பெடல் உடனே நிற்கிற அளவுக்குக் கனம் இருக்க வேண்டும்.

உங்கள் வயதுக்கு இதயத் துடிப்பின் உச்சம் 220இல் 46 போனால் 174. அதில் 70 முதல் 80 விழுக்காடு என்றால் 122 முதல் 139 வரை. அது ஒரு மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் மாறும். அதைவிடப் பேச்சுதான் நல்ல அளவுகோல். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

திரையில் காட்டும் கலோரியையும் கிலோமீட்டரையும் நம்ப வேண்டாம். கலோரியைக் கூட்டித்தான் காட்டும். நிமிடத்தையும் துடிப்பையும் மட்டும் எழுதி வையுங்கள்.

ஆயர்ஈத்தாம்_63

தம்பி, நான் சொல்வதைக் கோபமில்லாமல் கேள். ஓட்டம்தான் முட்டியைத் தேய்க்கிறது. என் கூட்டாளிகளில் ஓடியவர்கள் எல்லாம் இன்றைக்கு முட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த ஆறு வாரத்தோடு ஓட்டத்தை விட்டுவிடு. காலையில் நட, எலிப்டிகல் செய், போதும்.

மூட்டும்_தசையும்

நான் கோலாலம்பூரில் பிசியோவாக (இயன்முறை சிகிச்சையாளராக) வேலை செய்கிறேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐயாவுக்கு. உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அந்தக் கணக்கு அப்படி இல்லை. 2017இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் 3.5 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காடு. போட்டிக்காகவே ஓடுபவர்களில்தான் 13.3. எடை கட்டுக்குள் இருப்பது போன்ற வேறு காரணங்களும் அதில் கலந்திருக்கும். ஆனாலும் மிதமாக ஓடுகிறவரைப் பார்த்து "ஓடியதால் தேய்ந்தது" என்று எடுத்தவுடன் சொல்ல இடமில்லை. முட்டிச் சில்லு வலி பெரும்பாலும் தேய்மானமே இல்லை. தாங்கும் அளவுக்கு மேல் சுமை போனதற்கு மூட்டு காட்டும் எரிச்சல் அது. சுமையைக் குறைத்து, தசையைப் பலப்படுத்தி, மெல்லக் கூட்டினால் பெரும்பாலானவர்கள் திரும்ப ஓடுகிறார்கள்.

இப்போது தம்பியின் கேள்வி. "லோ இம்பேக்ட்" என்ற சொல்லை ஜிம்களில் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் பொருள் மோதல் குறைவு என்பது மட்டுமே. மூட்டுக்குச் சுமையே இல்லை என்று அர்த்தம் இல்லை.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் இரண்டு காலும் ஒரு கணம் காற்றில் இருக்கும், அடுத்த கணம் முழு உடலும் ஒற்றைக் காலில் விழும். அப்போது தரை திருப்பித் தள்ளும் விசை உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு. உங்கள் 74 கிலோவுக்கு ஏறத்தாழ 150 முதல் 220 கிலோ வரை, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை. எலிப்டிகலில் பாதம் பெடலை விட்டு எழும்புவதே இல்லை. எழும்பாத கால் விழுவது எங்கே? அதனால் அந்த மோதல் இல்லை.

ஆனால் மூட்டுக்கு உள்ளே வரும் அழுத்தம் வேறு. தரை தள்ளுவதோடு தசைகள் இழுப்பதும் அதில் சேரும். அமெரிக்காவில் செயற்கை முட்டி பொருத்தியவர்களின் மூட்டுக்குள்ளேயே அளவுமானி வைத்துப் பார்த்தார்கள். எலிப்டிகலில் வந்த அழுத்தம் மெதுஓட்டத்தைவிடக் குறைவு. ஆனால் டிரெட்மில்லில் நடப்பதைவிடக் குறைவு இல்லை. உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளில்தான் மிகக் குறைவாக இருந்தது. நடந்தாலே வலிக்கிற முட்டி உள்ளவருக்கு எலிப்டிகல் முதல் தேர்வு ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். உங்களுக்கு நடை வலிக்கவில்லை, அதனால் தாராளமாகச் செய்யலாம்.

இனி 513 படி. இதே போன்ற அளவுமானிகளை வைத்து 2010இல் பெர்லினில் ஐந்து பேரிடம் அளந்தார்கள். சமதளத்தில் நடக்கும்போது முட்டிக்குள் உடல் எடையின் 2.6 மடங்கு, படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு.

நீங்கள் எல்லோரும் ஏறுவதைப் பற்றியே யோசிப்பீர்கள். எனக்குக் கவலை இறங்குவதைப் பற்றித்தான். கிணற்றிலிருந்து வாளியை இழுப்பது ஒரு வேலை, நிறைந்த குடத்தைக் கயிறு வழுக்காமல் மெல்ல உள்ளே இறக்குவது இன்னொரு வேலை. முதலாவதில் தசை சுருங்கிக்கொண்டே உழைக்கும். இரண்டாவதில் நீண்டுகொண்டே உழைக்கும். படி இறங்கும்போதும், ஓடிக் கால் ஊன்றும்போதும் தொடைத் தசை செய்வது இந்த இரண்டாவது வேலை. எலிப்டிகலில் அது அநேகமாக இல்லை. இயந்திரம் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது தரையிறங்கும் வேலையைத்தான், வலிக்கிற முட்டிக்கு அது நிம்மதியாக இருப்பதும் அதனால்தான். ஆனால் மூன்று மாதம் அதில் மட்டும் இருந்துவிட்டு மலைக்குப் போனால், மூச்சு வாங்காமல் ஏறிவிடுவீர்கள், இறங்கும்போது தொடை நடுங்கும்.

அதனால் தரையிறங்குவதைத் தனியாகக் கற்றுக்கொடுங்கள். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியில் வலது காலில் நில்லுங்கள். இடது குதிகால் முன்னால் தரையைத் தொடும்வரை, மூன்று எண்ணி, மெல்ல இறங்குங்கள். தொட்டதும் மேலே வாருங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராகப் போக வேண்டும், கண்ணாடி முன் செய்யுங்கள். எட்டு முறை, மூன்று சுற்று, இரண்டு காலுக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள். வலி பத்தில் மூன்று வரை வரலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் உயரத்தைக் குறையுங்கள். இரண்டு வாரம் சுகமாகப் போனால் 15 சென்டிமீட்டர், அப்புறம் கொண்டோவின் மாடிப்படி.

முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது மடங்கினாலோ, ராத்திரி தூக்கத்திலும் வலித்தாலோ இதையெல்லாம் நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

ஆயர்ஈத்தாம்_63

அம்மா, விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. நான் பார்த்த நாலு பேரை வைத்துச் சொல்லிவிட்டேன். அந்தக் குதிகால் பயிற்சி எனக்கும் ஆகுமா? எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, இரண்டு முட்டியிலும் லேசான தேய்மானம்.

மூட்டும்_தசையும்

ஆகும் ஐயா, ஆனால் மேசையையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, இன்னும் குறைந்த உயரத்தில். இனிப்பு நீருக்கு எலிப்டிகல் நல்ல துணை, ஏனென்றால் கை, கால், முதுகு என்று பெரிய தசைகள் ஒரே நேரத்தில் சர்க்கரையை எரிக்கின்றன. மலேசியாவில் 2019 சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நம் வீடுகளில் இது எவ்வளவு சகஜம் என்று உங்களுக்கே தெரியும்.

இன்சுலின் போடுபவராக இருந்தால் ஏறுவதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள், பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்தால் வலி காட்டிக்கொடுக்காது.

பாயான்லெப்பாஸ்_ஷிஃப்ட்

நான் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ராத்திரி பதினொன்றுக்கு ஜிம்முக்குப் போகிறவன், அதனால் எனக்கு எலிப்டிகல்தான் சாலை. இயந்திரத்தைப் பற்றிச் சில விஷயம் சொல்கிறேன், அண்ணனுக்கு உதவும்.

கொண்டோ ஜிம்களில் பாதி இடத்தில் இருப்பது வீட்டு உபயோக மாடல். பெடல் முன்னும் பின்னும் போகும் நீளம் அதில் 14, 16 அங்குலம்தான் இருக்கும். என் உயரம் ஐந்து அடி பத்து அங்குலம். அதில் ஏறினால் ஓடுவது போலவே இருக்காது, நின்ற இடத்தில் மேலும் கீழும் மிதிப்பது போல இருக்கும், முட்டி அளவுக்கு மேல் மடங்கும். பெரிய ஜிம் மாடல்களில் 20, 21 அங்குலம் வரும். முட்டி வலிக்காரர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். டேப் வைத்து அளந்துவிடலாம்.

இரண்டாவது, இரண்டு பெடலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது அகலமாக இருந்தால் இடுப்பு பக்கவாட்டில் ஆடும். பத்து நிமிடத்தில் இடுப்பு ஓரத்தில் பிடிப்பு வரும்.

மூன்றாவது, பாதம் மரத்துப்போவது. பலர் இதற்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். பாதம் பெடலை விட்டு எழும்பாததால் முன்பாதத்தில் அழுத்தம் விடாமல் ஒரே இடத்தில் விழுகிறது. ஷூ கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். குதிகாலால் தள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை மடக்கி நீட்டுங்கள். எனக்கு இதிலேயே சரியாகிவிட்டது.

எங்கள் பழைய கொண்டோவில் இருந்த இயந்திரத்தில் ஒரு பெடலின் உருளை தேய்ந்து, சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று இடிக்கும். நிர்வாகத்திடம் நான்கு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் வரவில்லை. அந்த இடியோடு ஒரு மாதம் மிதித்ததில் எனக்கு இடது முட்டி வலி வந்தது. உங்கள் இயந்திரம் சத்தம் போட்டால் அதில் ஏறாதீர்கள் அண்ணே. மாதக் கட்டணம் கட்டினாலும் பரவாயில்லை, நல்ல ஜிம்மாகப் பாருங்கள்.

ஒரு கூடுதல் தகவல், எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன். இந்த இயந்திரத்துக்கு வயது ரொம்ப இல்லை. ப்ரீகோர் என்ற அமெரிக்க நிறுவனம் 1995இல்தான் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர், ஓடுகிற தன் மகளின் காலசைவைப் படம் பிடித்து, கால் காற்றில் வரையும் நீள்வட்டத்தைப் பார்த்துத்தான் யோசனையைப் பிடித்தார்.

பட்டர்வொர்த்_அம்மா

நான் ஓடுகிறவள் இல்லை. வயது 54, மாதவிடாய் நின்று மூன்று வருடம். இரண்டு வருடமாக எலிப்டிகல் மட்டும் செய்கிறேன், எடை 6 கிலோ குறைந்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. ஆனால் போன மாதம் எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் குறைவு என்று வந்துவிட்டது. இவ்வளவு உடற்பயிற்சி செய்தும் ஏன் என்று மனம் உடைந்துபோனேன். மோதல் இல்லாத பயிற்சி எலும்புக்குப் போதாதா?

மூட்டும்_தசையும்

அக்கா, நீங்கள் செய்தது எதுவும் வீண் இல்லை. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. எலும்பு கேட்பது வேறு. சட்டென்று வரும் சுமை, கனமான சுமை, இரண்டில் ஒன்று வந்தால்தான் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். வழுவழுவென்று சுற்றும் பெடலில் அந்தச் செய்தி எலும்புக்குப் பலமாகப் போய்ச் சேருவதில்லை. மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகவே குறையும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சி சேருங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு, தசையைப் பலப்படுத்தும் பயிற்சி இரண்டு நாளாவது வேண்டும் என்றுதான் சொல்கிறது. பலர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். குதிக்கும் பயிற்சி உங்களுக்கு ஆகுமா என்பதை அந்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கால்சியம், வைட்டமின் டி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

ஜெலுத்தோங்_ஓட்டக்காரன் (டிசம்பர் நடுவில்)

எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரக் கணக்கு சொல்கிறேன்.

கொண்டோ இயந்திரத்தை அளந்தேன், 15 அங்குலம். மூன்றே நாளில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். வாரம் நான்கு நாள், ஐந்து நிமிடம் சூடேற்றி, முப்பது நிமிடம் 130க்குப் பக்கத்தில் துடிப்பு. அதில் ஒருநாள் மட்டும் ஒரு நிமிடம் கடினம், இரண்டு நிமிடம் லேசு என்று எட்டு முறை. நான் எதிர்பார்த்ததைவிட வியர்த்தது. திரைமேல் சாய்ந்து கைப்பிடியில் எடையைப் போடும் பழக்கம் இருந்தது. கையை விட்டுவிட்டு நிமிர்ந்து செய்து பார்த்தபோதுதான் புட்டத் தசை வேலை செய்வது தெரிந்தது.

குதிகால் பயிற்சி தொடங்கிய முதல் வாரம் வலது கால் ஆடிப்போனது. இடது காலில் இல்லாத நடுக்கம் வலது காலில். பதினோரு வருடம் ஓடியும் ஒரு கால் இவ்வளவு பலவீனமாக இருந்தது எனக்குத் தெரியவில்லை. இப்போது 15 சென்டிமீட்டரில் பத்து முறை சுத்தமாக வருகிறது. காரிலிருந்து இறங்கும்போது குத்தல் போய்விட்டது.

ஒரு சந்தேகம் அக்கா. மலையில் வெறுங்கால். ஜிம்மில் ஷூ.

மூட்டும்_தசையும்

நல்ல வேளை கேட்டீர்கள். குதிகால் பயிற்சியை இன்றிலிருந்து வெறுங்காலில் செய்யுங்கள். மாடிப்படியையும் வெறுங்காலில் பழகுங்கள், முதலில் இரண்டு மாடி, வாரத்துக்கு இரண்டு மாடியாகக் கூட்டுங்கள். எலிப்டிகலில் மட்டும் ஷூ இருக்கட்டும்.

இன்னொன்று. ஏறும்போது இரண்டு கையும் குடத்தில் இருக்கும், கைப்பிடிக் கம்பியைத் தொட முடியாது. அதனால் தண்ணீர் நிரப்பிய ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டு படி ஏறிப் பழகுங்கள். இறங்கும்போது கை சும்மாதான் இருக்கும், அப்போது கம்பியை விடாதீர்கள்.

செந்தூல்_விடியல்

அண்ணே, தோதான இடம் ஒன்று சொல்லட்டுமா? இங்கே கோலாலம்பூர் பக்கம் வரும் வேலை இருந்தால் பத்துமலையில் ஒத்திகை பாருங்கள். 272 படி, உங்கள் மலையில் பாதிக்குச் சற்று மேல். ஒவ்வொரு படியும் கொஞ்சம் செங்குத்து. இறங்கி முடித்ததும் முட்டி என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். விடியற்காலையில் போனால் கூட்டம் இருக்காது.

ஜெலுத்தோங்_ஓட்டக்காரன் (தைப்பூசத்துக்கு இரண்டாம் நாள்)

எடுத்துவிட்டேன்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். கூட்டத்தில் படி ஏறுவது ஓட்டம் மாதிரி இல்லை. பத்துப் படி ஏறினால் நிற்க வேண்டும், திரும்ப ஏறினால் நிற்க வேண்டும். மூச்சு எங்கேயும் வாங்கவில்லை. நிற்கும் நேரத்தில்தான் கை வலித்தது, தண்ணீர்க் குடத்தோடு பழகியது அதற்கு உதவியது. மேலே பால் அபிஷேகம் முடிந்து அப்படியே நின்றுவிட்டேன். அம்மா கீழே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார்.

இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணவில்லை, ஆனால் உடம்பு அதை ஞாபகம் வைத்திருந்தது. நானூறாவது படிக்கு மேல் தொடை சூடேறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நேற்றுத் தொடை இறுக்கமாக இருந்தது, முட்டியில் வீக்கம் இல்லை, இன்று காலை ஒன்றும் இல்லை.

அம்மா என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முட்டி வலிக்குதாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று உண்மையாகவே சொல்ல முடிந்தது. உங்கள் எல்லோருக்கும், குறிப்பாக அக்காவுக்கு, நன்றி.

அடுத்த வாரம் ஓட்டத்தைத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. எலிப்டிகலை விடப்போவதில்லை, வாரத்தில் இரண்டு நாள் அதிலேயே. புகைமூட்டம் வந்து காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டும் நாட்களில் எனக்கு அதுதான் சாலை. யூத் பார்க்கில் என் பழைய பாதையிலேயே தொடங்கலாமா?

மூட்டும்_தசையும்

படித்ததும் மனது நிறைந்துவிட்டது தம்பி. அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்த மேட்டுச் சாலை இப்போது வேண்டாம். ஏறினால் திரும்ப இறங்கித்தான் ஆக வேண்டும், ஓடி இறங்குவதுதான் முட்டிச் சில்லுக்குக் கடைசியில் கொடுக்க வேண்டிய சுமை. முதல் நான்கு வாரம் சமதளத்தில் ஓடுங்கள், கர்னி டிரைவ் போதும். ஓடிய மறுநாள் எலிப்டிகலை வையுங்கள், குதிகால் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்த வேண்டாம்.